மேடையில் ஆங்கில உரை, காதில் தமிழ்: ஏஐ குரல் மொழிபெயர்ப்பை அமைப்பது எப்படி?

உங்கள் சங்கத்தில் ஒரு மருத்துவர் முதுமைக்கால உடல்நலம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு மணி நேரம் பேசப்போகிறார். கேட்க வரும் நாற்பது பேரில் பலருக்கு ஆங்கிலம் வராது, சிறிய எழுத்தைப் படிக்கவும் சிரமம். அவர் பேசப் பேச ஏஐ தமிழாக்கி, காதில் குரலாகச் சொல்ல வேண்டும். முன் மேசையில் போனை வைத்து ஒரு ஆப்பைச் சோதித்தபோது தமிழ் இருபது நொடி தாமதமாக வந்தது, மருத்துவர் பேசாமல் நின்ற இடத்திலும் அது ஏதோ பேசியது. "இதைவிட நல்ல ஆப் எது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது, அந்த நாற்பது பேர் ஒரு மணி நேரம் நம்பிக் கேட்கும்படி இதை அமைக்க முடியுமா என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். முடியும், ஆனால் ஆப் அதில் கடைசி வேலை. பல வருடங்களாகக் கூட்டங்களுக்கு ஒலி அமைத்துக் கொடுக்கிறேன். கடந்த சில வருடங்களாக அதே மிக்சரோடு (மைக்குகளின் ஒலியைச் சேர்த்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி) மொழிபெயர்ப்புக் கருவிகளையும் இணைத்து வருகிறேன். சரியாக நடக்காத கூட்டங்களில் பெரும்பாலும் கோளாறு ஏஐ-க்குப் போய்ச் சேரும் ஒலியில்தான் இருந்தது.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்வதெல்லாம் அதிலிருந்துதான் வரும். பெரும்பாலான சேவைகளில் மூன்று படிகள். முதலில் பேச்சு எழுத்தாகிறது, அந்த எழுத்து வேறு மொழிக்கு மாறுகிறது, மாறிய எழுத்தை ஒரு செயற்கைக் குரல் வாசிக்கிறது. நடுவில் எழுத்தே இல்லாமல் குரலிலிருந்து குரலுக்கு நேரே போகும் முறைகளும் உண்டு. 2019-ல் கூகுள் டிரான்ஸ்லடோட்ரான் என்ற ஆய்வை வெளியிட்டது, 2023-ல் மெட்டா சீம்லெஸ் என்ற ஏஐ மாதிரிகளைக் (மாடல்களை) கொண்டுவந்தது. ஆனால் உங்களைப் போல் முதல் தடவை செய்பவருக்கு மூன்று படி முறைதான் நல்லது என்பேன். நடுவில் எழுத்து திரையில் ஓடுவதால், தப்பு எந்தப் படியில் நடந்தது என்று கண்ணால் பார்க்கலாம். ஆங்கில எழுத்திலேயே தப்பு இருந்தால் மைக்கைப் பாருங்கள். ஆங்கிலம் சரியாக இருந்து தமிழ் கெட்டால் மொழிபெயர்ப்பைப் பாருங்கள். இந்தப் பிரிவினை தெரியாமல் ஆப்பை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் நிறைய.

இப்போது உங்கள் சோதனைக்கு வருகிறேன். முன் மேசையில் இருந்த போனுக்குப் பேச்சாளர் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்றிருப்பார். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் நேரே வரும் ஒலி 6 டெசிபல் குறையும். மூடிய அறையில் அதோடு இன்னொரு சிக்கலும் சேரும். சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலி தூரத்தோடு அந்த அளவுக்குக் குறைவதில்லை, அதனால் தள்ளிப்போகப் போக நேர்க்குரலைவிட எதிரொலியே ஓங்கி நிற்கும். மனிதக் காது அதைப் பிரித்துக் கேட்டுவிடும். கருவிக்கு அது ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறிய குழப்பமாகத்தான் கிடைக்கும். மருத்துவப் பேச்சில் இது சாதாரண விஷயம் இல்லை. 'ஹைப்பர்' என்றால் கூடுதல், 'ஹைப்போ' என்றால் குறைவு. ரத்த அழுத்தமோ சர்க்கரையோ, அந்த ஓர் ஒலி மங்கினால் பொருள் நேர் எதிராகிவிடும். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' என்பதும் அப்படியே. பதினைந்து மில்லிகிராம் ஐம்பது மில்லிகிராமாகக் காதில் விழுந்தால், கேட்பவருக்கு அது தப்பு என்று தெரிய வழியே இல்லை.

அதனால் காலர் மைக்கோ தலையில் மாட்டும் மைக்கோ கொடுங்கள், வாய்க்கு ஒரு சாணுக்குள் இருக்கட்டும். கையில் பிடிக்கும் மைக் வேண்டாம், பேசுபவர் சைகை காட்டும்போதெல்லாம் அது வாயைவிட்டு விலகும். அந்த மைக் எப்படியும் மண்டப மிக்சருக்குப் போகும். மிக்சரில் 'ஆக்ஸ்' என்று தனியாக ஒரு வெளிவழி இருக்கும். அந்த வழியில் பேச்சாளர் மைக்கை மட்டும் அனுப்பி, ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (மிக்சர் ஒலியை லேப்டாப் ஏற்கும்படி மாற்றித் தரும் சிறு பெட்டி) வழியாக லேப்டாப்புக்குக் கொண்டுவாருங்கள். மிக்சரிலிருந்து வருவது லைன் அளவு ஒலி, மைக் ஒலியைவிடப் பல மடங்கு வலுவானது. அதை லேப்டாப்பின் மைக் துளையில் நேராகச் செருகினால் அலை உச்சிகள் வெட்டுப்பட்டுக் கரகரக்கும். அளவுமானியில் அவர் சத்தமாகப் பேசும்போது உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்க வேண்டும், சிவப்பைத் தொடவே கூடாது. ஆக்ஸ் வழியில் எக்கோ, ரிவெர்ப் எதுவும் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் இனிமையாகக் கேட்பதற்காகச் சேர்க்கும் எக்கோ இந்தக் கருவிக்கு விஷம்.

இரைச்சல் நீக்கும் மென்பொருளை நடுவில் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். மைக் வாய்க்குப் பக்கத்தில் இருந்தால் போடாமல் இருப்பதே மேல் என்பது என் அனுபவம். இரைச்சலோடு சேர்த்துச் சொல்லின் ஓரத்தையும் அது சீவிவிடும், மெய்யெழுத்து ஒலிகள்தான் முதலில் போகும். இதை நான் பட்டியல் போட்டு அளக்கவில்லை, பல கூட்டங்களில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்த தீர்ப்பு. மைக்கின் தூரத்தைப் பற்றிச் சொன்னதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. இதில் உங்கள் அறைக்கு ஏற்ப வேறாகவும் இருக்கலாம், சோதித்துப் பாருங்கள்.

பேசாத நேரத்தில் அது பேசியதைப் பற்றிச் சொல்கிறேன். போன் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், அதில் எந்தக் கோளாறும் இல்லை. 2022-ல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட விஸ்பர் என்ற, பேச்சை எழுத்தாக்கும் (பேச்சறி) ஏஐ மாதிரி 6,80,000 மணி நேர ஒலியில் பழக்கப்பட்டது. இணையத்தில் எழுத்தோடு சேர்ந்து கிடைத்த ஒலி அது. இன்று பல ஆப்களுக்கு அடியில் அதுவோ அதன் வழிவந்ததோ ஓடுகிறது. அமைதியையும் மின்விசிறி ஓசையையும் கொடுத்தால் 'இங்கே ஒன்றுமில்லை' என்று சும்மா இருக்காமல், பழக்கத்தில் வந்த ஒரு வாக்கியத்தை அது எழுதிவிடும். காணொளி முடிவில் வரும் நன்றி அறிவிப்பு யாரும் சொல்லாமலே திரையில் வந்ததை நானே பார்த்திருக்கிறேன். இதற்கு மருந்து, பேச்சு இருக்கிறதா இல்லையா என்று பார்த்து, இருந்தால் மட்டும் உள்ளே விடும் வடிகட்டி. பல மென்பொருள்களில் 'விஏடி' என்ற பெயரில் இருக்கும், அதை இயக்கி வையுங்கள். அதோடு மிக்சரில் ஓர் ஆளை உட்கார வைத்து, மருத்துவர் தண்ணீர் குடிக்கும்போதும் படம் காட்டும்போதும் ஆக்ஸ் வழியை மூடச் சொல்லுங்கள்.

இருபது நொடித் தாமதத்துக்குக் காரணம் என்ன என்பதை நான் ஊகிக்கத்தான் முடியும். விஸ்பர் ஒலியை 30 நொடித் துண்டாகப் பார்க்கும் வடிவமைப்பு கொண்டது. அதை நேரடிப் பேச்சுக்குச் சரியாக மாற்றிக் கட்டாத ஆப் என்றால் துண்டு நிரம்பக் காத்திருக்கும். இல்லையென்றால், பேச்சாளர் நிறுத்தினால்தான் வாக்கியம் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும் ஆப்பாக இருக்கும், உங்கள் மருத்துவர் மூச்சுவிடாமல் பேசியிருப்பார். எத்தனை நேர அமைதியை வாக்கிய முடிவாகக் கொள்வது என்ற அமைப்பு இருந்தால் அரை நொடியிலிருந்து முக்கால் நொடிக்குள் வையுங்கள். இன்னும் குறைத்தால் பாதி வாக்கியத்தில் வெட்டும்.

ஆனால் தாமதத்தில் ஒரு பங்கை எந்தக் கருவியாலும் ஒழிக்க முடியாது, அது நம் மொழியின் அமைப்பிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் 'அந்த மாத்திரை' என்று முதலில் சொல்லிவிட்டு, எந்த மாத்திரை என்பதைப் பின்னால் தொங்கவிடுவார்கள். தமிழில் "போன மாதம் நிறுத்தச் சொன்ன அந்த மாத்திரை" என்று விளக்கம் முன்னால் வர வேண்டும். விளக்கம் முடியும்வரை தமிழில் வாயே திறக்க முடியாது. கேள்வி நேரத்தில் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு எதிர்ப்பக்கம் போகும்போது இது இன்னும் கடினம். ஒரு பெரியவர், "காலையில் வெறும் வயிற்றில் இந்த மாத்திரையைச் சாப்பிட" என்பதுவரை சொல்லியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சொல் 'வேண்டும்' ஆகவும் இருக்கலாம், 'வேண்டாம்' ஆகவும் இருக்கலாம். ஆங்கிலத்துக்கு அந்தச் சொல் முதலிலேயே தேவை. மனித மொழிபெயர்ப்பாளர்களுக்கும் இதே பாடுதான். 1945-ல் நூரம்பெர்க் விசாரணையில் நான்கு மொழிகளுக்கு உடனுக்குடன் மொழிபெயர்த்தபோது, ஜெர்மன் வாக்கியங்களின் கடைசியில் வரும் வினைச்சொல்லுக்காக அவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. பேசுபவர் வேகமாகப் போனால் மஞ்சள் விளக்கு எரியும், நிறுத்த வேண்டுமானால் சிவப்பு விளக்கு. எண்பது வருடம் கழித்தும் அந்த மஞ்சள் விளக்கைத்தான் உங்களுக்குச் சிபாரிசு செய்கிறேன். முதல் வரிசையில் ஒருவர் மஞ்சள் அட்டையோடு உட்காரட்டும், மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். நான் அமைக்கும் கூட்டங்களில் நான்கிலிருந்து ஆறு நொடித் தாமதத்தை நல்லதாக எடுத்துக்கொள்கிறேன். இரண்டு நொடிக்கு இழுத்தால் தப்பு கூடுவதைப் பார்த்திருக்கிறேன்.

காத்திருப்பதில் எழுத்துக்கும் குரலுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. திரையில் ஓடும் எழுத்தைக் கருவி இரண்டு நொடி கழித்துத் திருத்திக்கொள்ளலாம், வாசிப்பவர் கண்ணும் திருத்தத்தோடு போய்விடும். காதில் சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது. அதனால் குரல் வேண்டும் என்றால், எழுத்து உறுதியான பிறகே வாசிக்கும்படி அமைக்க வேண்டும், அதற்கான தாமதத்தையும் ஏற்க வேண்டும். இன்னொன்று, தமிழ் வாசிப்பு ஆங்கிலப் பேச்சைவிட நீளமாகப் போவது வழக்கம். பத்து நொடிப் பேச்சை வாசிக்கப் பன்னிரண்டு நொடி ஆனால், ஒரு நிமிடத்தில் பன்னிரண்டு நொடி கடன் ஏறும், ஐந்து நிமிடத்தில் அது ஒரு நிமிடமாகும். சோதனையின் முதல் இரண்டு நிமிடம் அழகாக இருந்து, நடுவில் மண்டபம் சிரிக்கும்போது காதில் இயர்போன் வைத்தவர்கள் மட்டும் சிரிக்காமல் இருப்பது இதனால்தான். அந்த முகங்களைப் பார்த்தால் மனது கஷ்டப்படும். வாசிப்பு வேகத்தைச் சற்றுக் கூட்டும் வசதி இருந்தால் 1.15 மடங்குவரை கூட்டலாம், வயதானவர்களுக்கு அதற்கு மேல் வேண்டாம். மீதிக் கடனை மருத்துவர் விடும் இடைவெளிகள்தான் அடைக்க வேண்டும். இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை மூச்சுவிடச் சொல்லுங்கள்.

அப்புறம், தமிழ்க் குரல் திரும்ப மைக்குக்குள் போகக் கூடாது. ஒரு கூட்டத்தில் யாரோ தமிழ் ஒலியைச் சின்ன ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்கள். கருவி தன் தமிழைத் தானே கேட்டு, அதை ஆங்கிலம் என்று எடுத்துக்கொண்டு மறுபடி தமிழாக்கத் தொடங்கியது. பேச்சாளர் நிறுத்திய பிறகும் அது நிற்கவில்லை, கேபிளைப் பிடுங்கித்தான் நிறுத்தினேன். தமிழ் காதுக்கு மட்டும் போகட்டும். லேப்டாப்பில் உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் தனித்தனிச் சாதனமாக இருக்கட்டும். ஒரு மென்பொருளின் ஒலியை இன்னொன்றுக்குள் கொண்டுபோக விண்டோஸில் விபி-கேபிள், மேக்கில் பிளாக்ஹோல் போன்ற மெய்நிகர் கேபிள்கள் இருக்கின்றன. ப்ளூடூத் ஹெட்செட்டை மைக்காகப் பயன்படுத்தாதீர்கள். மைக்கும் சேர்ந்து இயங்கும்போது வழக்கமாக அது தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும்.

நாற்பது காதுகளுக்குக் கொண்டுசேர்க்க, சுற்றுலா வழிகாட்டிகள் வைத்திருப்பதுபோன்ற வயர்லெஸ் ரிசீவர்களை வாடகைக்கு எடுப்பதுதான் சுலபம். லேப்டாப் ஒலியை அதன் டிரான்ஸ்மிட்டரில் கொடுத்தால் போதும், கூடுதல் தாமதம் மிகக் குறைவு. ஆளுக்கொரு போனில் இணைய இணைப்பு வழியாகக் கேட்கச் செய்வதாக இருந்தால், நேரலைக் காணொளிக்கான பொது வழி வேண்டாம். அது பல நொடிகள், சில சமயம் அரை நிமிடம்கூடச் சேர்க்கும். இணையக் கூட்ட மென்பொருள்கள் பயன்படுத்தும் வெப்ஆர்டிசி வழி ஒரு நொடிக்குள் முடியும். லேப்டாப்புக்கு வைஃபையை நம்பாமல் கேபிள் இணைப்பு கொடுங்கள். பேச்சுக்கு 16 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒரே தடம் போதும், சுருக்காமல் அனுப்பினாலும் நொடிக்கு 256 கிலோபிட்தான். வேகத்தைவிட இணைப்பு அறுபடாமல் இருப்பதுதான் முக்கியம்.

சொற்பட்டியலைத் தள்ளிப்போடாதீர்கள். மருத்துவரிடம் ஸ்லைடுகளை முன்பே வாங்கி, மருந்துப் பெயர்கள், நோய்ப் பெயர்கள், சுருக்கப் பெயர்கள் எல்லாவற்றையும் எடுத்து, சேவையில் சொற்பட்டியல் கொடுக்கும் இடத்தில் போடுங்கள். ஐம்பது சொல் போதும். நூற்றுக்கணக்கில் கொட்டினால் சாதாரணப் பேச்சிலும் அந்தச் சொற்களைத் தேட ஆரம்பித்துவிடும். தமிழ்ப் பக்கம் எந்தச் சொல் வர வேண்டும் என்றும் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். 'கொலஸ்ட்ரால்' என்றால் உங்கள் பெரியவர்களுக்குப் புரியும், அகராதியிலிருந்து ஒரு தமிழ்ச் சொல் வந்தால் புரியாது. 'வீ' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'நாம்' என்பதா 'நாங்கள்' என்பதா என்று கருவிக்குத் தெரியாது. மருத்துவர்கள் செய்வதைச் சொல்ல "நாங்கள் அளவைக் குறைப்போம்" என்று வர வேண்டிய இடத்தில் "நாம் அளவைக் குறைப்போம்" என்று வந்தால், வீட்டில் தானே குறைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் நினைக்க இடம் இருக்கிறது. இதைப் பட்டியலால் தடுக்க முடியாது. 'டாக்டர்கள் குறைப்பார்கள்' என்று ஆளைச் சொல்லிப் பேசும்படி மருத்துவரைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேள்வி நேரத்துக்கு ஏஐ-யை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். உரையில் மருத்துவர் ஒருவர், ஒரு மைக், ஓரளவு ஒழுங்கான ஆங்கிலம். கேள்வியில் "சாப்டுட்டுப் போட்டாலும் ஒண்ணும் கேக்க மாட்டேங்குது டாக்டர்" என்று பேச்சுத் தமிழ் வரும், நடுவில் பக்கத்தில் இருப்பவரும் சேர்ந்து பேசுவார். பேச்சறி கருவிகள் பேச்சுத் தமிழில் எழுத்துத் தமிழைவிட அதிகம் தடுமாறுகின்றன, எந்த மொழி என்று தானாகக் கண்டுபிடிக்கும் வசதியும் ஆங்கிலச் சொற்கள் கலந்தால் மாறி மாறிப் போகும். உங்கள் சங்கத்தில் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் கேள்வியைச் சொல்லிப் பதிலையும் சொல்லட்டும். அதே ஆள் உரை நடக்கும்போது ஒரு காதில் ஆங்கிலம், ஒரு காதில் தமிழ் என்று கேட்டுக்கொண்டு, தமிழ் ஒலியை நிறுத்தும் பொத்தானில் கை வைத்திருக்க வேண்டும். மருந்தளவு எண்ணில் தப்பு வந்தால் உடனே நிறுத்தி, தானே திருத்திச் சொல்ல வேண்டும். இந்த ஆள் கிடைக்கவில்லை என்றால் இந்த உரைக்குக் குரல் மொழிபெயர்ப்பு வேண்டாம் என்பேன். அளவுகள், சட்டக் கடமைகள் பேசப்படும் இடத்தில் ஆள் மேற்பார்வை இல்லாமல் விடுவதை நான் ஏற்பதில்லை. மருத்துவரிடம் அவர் குரல் வெளியே ஒரு சேவைக்குப் போகிறது என்று சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். வந்தவர்களிடமும், காதில் கேட்பது இயந்திரக் குரல், சந்தேகம் வந்தால் கேளுங்கள் என்று தொடக்கத்திலேயே அறிவியுங்கள்.

ஒத்திகையை முழு ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். சில சேவைகள் ஓர் இணைப்பைக் குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு தானாக அறுத்துவிடும். கூகுளின் பேச்சறி சேவையில் ஒரு நேரடி ஒலி இணைப்புக்கு ஐந்து நிமிடம்போல் வரம்பு உண்டு, அதை மறுபடி இணைப்பது ஆப்பின் பொறுப்பு. பத்து நிமிடச் சோதனையில் நன்றாக இருந்து நாற்பதாவது நிமிடத்தில் வாயடைத்துப்போன ஆப்பைப் பார்த்திருக்கிறேன். மருத்துவரின் பழைய உரை ஏதாவது பதிவாக இருந்தால் அதையே மிக்சர் வழியாக விட்டு, ஆங்கிலத்தையும் தமிழையும் இரண்டு தடங்களில் பதிவு செய்யுங்கள். முதல் நிமிடத்திலும் ஐம்பதாவது நிமிடத்திலும் தாமதத்தை அளந்து பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு, கேட்க வரப்போகிறவர்களில் ஒரு பெரியவரைத் தமிழ் மட்டும் பத்து நிமிடம் கேட்கச் செய்து, என்ன புரிந்தது என்று சொல்லச் சொல்லுங்கள். எந்த மதிப்பெண்ணைவிடவும் அதை நம்புவேன்.

இப்போது ஆப்பைத் தேர்ந்தெடுங்கள். ஒலி எந்தச் சாதனத்திலிருந்து வர வேண்டும் என்று நீங்களே சொல்ல முடிய வேண்டும், இரண்டு மொழி எழுத்தும் திரையில் தெரிய வேண்டும், சொற்பட்டியல் கொடுக்க முடிய வேண்டும், உறுதியான எழுத்தை மட்டும் வாசிக்க வேண்டும், ஒரு மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். உங்கள் போனில் இருந்த ஆப்பே இந்த ஐந்திலும் தேறினால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்து மிக்சரின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினால், எந்தத் துளையிலிருந்து எந்தக் கேபிள் எடுக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.